எட்டுக் கோப்பையும் எட்டுத் தொட்டியும்: கருதுகோள் சோதனைக்கு ஓர் எளிய அறிமுகம்

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில், பெரும்பாலும் நான்காம் இயலில், அட்டவணைகளுக்கு நடுவே ஒரு வரி தவறாமல் இடம்பெற்றிருக்கும்: "பி-மதிப்பு 0.05-க்குக் குறைவாக இருப்பதால் ஆய்வாளரின் கருதுகோள் நிரூபிக்கப்பட்டது." வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இங்கே 0.03 என்று போட்டிருக்கிறீர்களே, அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டால், "என் முடிவு சரியாக இருப்பதற்கு 97 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது, சார்" என்ற பதில் தயக்கமின்றி வரும். இரண்டு வாக்கியங்களுமே தவறானவை. மாணவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், அந்தப் பொத்தான் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைச் சொல்லித் தருபவர்கள் குறைவு.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சூத்திரம் எதுவும் தேவைப்படாது. எட்டுப் பொருள்களிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள் உண்டு என்று எண்ணத் தெரிந்தால் போதும். அதையும் இங்கேயே எண்ணிக் காட்டுகிறேன்.

அண்டாவும் கரண்டியும்

கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் கொதிக்கும் சாம்பாருக்கு உப்புப் பார்க்கும் சமையற்காரர், கரண்டியில் சிறிது எடுத்து உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துப் பார்க்கிறார். அண்டா பெரியது என்பதற்காக அவர் ஒரு வாளி சாம்பாரைக் குடித்துப் பார்ப்பதில்லை. வீட்டுச் சட்டிச் சாம்பாருக்கு எவ்வளவு போதுமோ அதே அளவுதான் இதற்கும். ஆனால் எடுப்பதற்கு முன் அடிவரை துழாவிவிடுகிறார், ஏனென்றால் பருப்பு அடியில் தங்கியிருக்கும், மேலாக எடுத்தால் தெளிந்த நீர்தான் வரும்.

நாம் அறிய விரும்பும் மொத்தக் கூட்டத்தை, அதாவது அண்டாவை, புள்ளியியலில் முழுமைத்தொகுதி என்பார்கள். அதிலிருந்து எடுத்துப் பார்க்கும் சிறு பகுதி, அதாவது கரண்டியில் வந்தது, மாதிரி. துழாவுவதற்குச் சமமான செயல், யாரை எடுப்பது என்பதை நம் வசதிக்கு விடாமல் குலுக்கலுக்கு விடுவது. இதைச் சமவாய்ப்பு முறை என்கிறோம். தன் வாட்ஸ்அப் குழுவிலுள்ள 40 பேருக்குக் கூகுள் படிவம் அனுப்பிவிட்டுத் "தமிழக இளைஞர்களின் மனநிலை" என்று தலைப்பிடுவது, துழாவாத அண்டாவில் மேலாக எடுத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது. அதே வழியில் 400 பேருக்கு அனுப்பினாலும் மேலாக எடுத்தது மேலாக எடுத்ததுதான்.

நன்றாகத் துழாவிய பின்னும் அடுத்தடுத்து எடுத்த இரண்டு கரண்டிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கமாட்டா. ஒன்றில் ஒரு முருங்கைத் துண்டு கூடுதலாக வரும், மற்றதில் வராது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு எவரும் காரணமில்லை, அது தற்செயல். நம் கண்ணில் பட்ட ஒரு வேறுபாடு இந்தத் தற்செயலான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கக்கூடியதா, அதை மீறியதா என்று பார்ப்பதே கருதுகோள் சோதனையின் வேலை.

தாயக்கட்டையில் எழும் சந்தேகம்

பொங்கல் விடுமுறையில் தாயம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றின் நான்கு முகங்களிலும் முறையே 0, 1, 2, 3 புள்ளிகள். ஒன்றில் 1, மற்றதில் 0 விழுந்தால் தாயம். இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழக்கூடிய 16 வகைகளில் இரண்டு மட்டும் தாயம் என்பதால், அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தை மகன் முதல் உருட்டிலேயே தாயம் போடுகிறான், யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவது உருட்டிலும் தாயம் விழுகிறது. அத்தைக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாவதும் தாயம் என்றவுடன், "கட்டையை இங்கே கொடு, பார்க்கலாம்" என்று உங்கள் கை நீள்கிறது.

அந்தக் கை நீண்டதற்குள் மனம் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. கட்டையில் எந்தக் கோளாறும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை தொடர்ந்து தாயம் விழும் வாய்ப்பு 8 × 8 × 8, அதாவது 512-இல் ஒன்று. அவ்வளவு அரியது இங்கே, இப்போது நடந்துவிட்டது என்று நம்புவதைவிட, "கோளாறு இல்லை" என்ற தொடக்க எண்ணத்தைச் சந்தேகிப்பது எளிதாக இருக்கிறது. மனம் கணக்கிட்டது, கோளாறில்லாத கட்டையில் இப்படி விழுவது எவ்வளவு அரிது என்பதை. அத்தை மகன் ஏமாற்றுக்காரனாக இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதை அது கணக்கிடவில்லை, கணக்கிட்டிருக்கவும் முடியாது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால் வருபவை.

ரோதம்ஸ்டெட்டில் ஒரு கோப்பைத் தேநீர்

1920-களில், இங்கிலாந்தில் உள்ள ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், தேநீர் வேளையில் ஒரு கோப்பையை நிரப்பித் தம்முடன் பணியாற்றிய பாசியியல் ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டலிடம் நீட்டினார். பிரிஸ்டல் வேண்டாம் என்றார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றி அதன்மேல் தேநீரை ஊற்றினால்தான் தமக்குப் பிடிக்கும், இரண்டுக்கும் சுவையில் வேறுபாடு தெரியும் என்பது அவருடைய வாதம். கலந்த பிறகு எது முன், எது பின் என்று எப்படித் தெரியும் என்பது ஃபிஷரின் வாதம். நம் ஊர்த் தேநீர்க் கடையில் இரண்டையும் தூக்கி ஆற்றியே தருவதால் இந்த வழக்கே எழுந்திருக்காது; அங்கே எழுந்தது, புள்ளியியலுக்கு நல்லதாயிற்று. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பக்கத்திலிருந்த வில்லியம் ரோச் சொன்னார்.

1935-இல் வெளியான தம் நூலில் ஃபிஷர் இந்தச் சோதனையை விரிவாக அலசுகிறார். அந்த அம்மையாரின் பெயரும் அதில் இல்லை, அவர் சரியாகச் சொன்னாரா என்பதும் இல்லை. ஃபிஷருக்கு வேண்டியது முடிவைவிட அமைப்பு. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். நீட்டப்படும் வரிசை குலுக்கல் முறையில் அமைகிறது. நான்கு நான்காக இருக்கின்றன என்று அம்மையாரிடம் முன்பே சொல்லியாயிற்று. "பால் முதலில்" என்ற நான்கை அவர் பிரித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுவையில் அவருக்கு எதுவும் தெரியவில்லை, குருட்டாம்போக்கில்தான் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் கோப்பையை 8 விதமாகவும் இரண்டாவதை 7 விதமாகவும் அடுத்தவற்றை 6, 5 விதமாகவும் எடுக்கலாம், பெருக்கினால் 1,680. ஆனால் அதே நான்கு கோப்பைகளை எந்த வரிசையில் எடுத்தாலும் தேர்வு ஒன்றுதான். நான்கு பொருள்களை வரிசை மாற்றி வைக்க 24 வழிகள் இருப்பதால், 1,680-ஐ 24-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 70. இந்த எழுபதில் நான்கும் சரியாக அமைவது ஒன்றே ஒன்று. மூன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் அமைபவை 16. இரண்டுக்கு இரண்டு அமைபவை 36. ஒன்று மட்டும் சரியானவை 16. நான்கும் தவறானது ஒன்று. கூட்டிப் பார்த்தால் 70 வரும்.

ஆக, நாவில் எந்தத் திறமையும் இல்லாதவர் வெறும் அதிர்ஷ்டத்தால் நான்கையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எழுபதில் ஒன்று, அதாவது சுமார் 1.4 சதவீதம். மூன்றை மட்டும் சரியாகச் சொன்னால்? மூன்றோ அதற்கு மேலோ அமையும் வழிகள் 16 + 1 = 17; எழுபதில் பதினேழு என்பது 24 சதவீதம். நான்கு பேர் குருட்டாம்போக்கில் எடுத்தால் அவர்களில் ஏறத்தாழ ஒருவர் இதைச் செய்துவிடுவார். அதைக் கண்டு யாரும் வியக்க வேண்டியதில்லை.

இப்போது சொற்களைப் பொருத்திக்கொள்ளலாம். "அவருக்கு வேறுபாடு தெரியாது" என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டது இன்மைக் கருதுகோள். கல்லூரிகளில் நல் ஹைபாதிசிஸ் என்று சொல்வது இதைத்தான். விளைவு எதுவும் இல்லை, வேறுபாடு எதுவும் இல்லை, எல்லாம் தற்செயல் என்பதே அதன் உள்ளடக்கம். "அவருக்கு வேறுபாடு தெரியும்" என்பது மாற்றுக் கருதுகோள். இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால், நமக்குக் கிடைத்த முடிவோ அதைவிட அதிகமாக வியப்பூட்டும் முடிவோ கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவோ, அதுவே பி-மதிப்பு. நான்கும் சரி என்றால் பி-மதிப்பு 0.014, மூன்று சரி என்றால் 0.24.

இதுவரை வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தால்: ஒன்றும் நடக்காத ஓர் உலகத்தைக் கற்பனை செய்கிறோம்; அந்த உலகத்தில் என்னென்ன முடிவுகள் எத்தனை வழிகளில் கிடைக்கும் என்று எண்ணுகிறோம்; நம் கையில் உள்ள முடிவு அந்தப் பட்டியலில் எவ்வளவு ஓரத்தில் நிற்கிறது என்று பார்க்கிறோம். மீதி எல்லாம் எண்ணுவதற்கான உத்திகள்.

எட்டுத் தொட்டிகள்

இனி மாணவருக்கு வருவோம். பஞ்சகவ்யம் தெளித்தால் தட்டைப்பயற்றுச் செடி வேகமாக வளருமா என்று அறிய ஒரு மாணவி எட்டுத் தொட்டிகளில் ஒரே கொத்து விதைகளை ஊன்றுகிறார். எந்த நான்குக்குப் பஞ்சகவ்யம், எந்த நான்குக்கு வெறும் தண்ணீர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார். இந்தப் படியைத்தான் பலர் சடங்கு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். செழிப்பாகத் தெரிந்த நான்கைத் தாமே பொறுக்கிப் பஞ்சகவ்யத்துக்கு ஒதுக்கியிருந்தாலோ, வெயில் படும் பக்கம் ஒரு வகை, சுவர் நிழலில் மற்றொரு வகை என்று வைத்திருந்தாலோ, கடைசியில் காணும் வேறுபாடு தெளிப்பால் வந்ததா, வெயிலால் வந்ததா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலையை எடுக்க விவரம் அறியாத சிறுவனை ஏவச் சொல்லியிருப்பதன் நோக்கமும் இதுதான்: எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது.

பதினைந்து நாள் கழித்து அளக்கிறார். கணக்கு விளங்குவதற்காக நானே எழுதிக்கொண்ட எண்கள் இவை: பஞ்சகவ்யம் தெளித்த செடிகளின் உயரம் 14, 16, 17, 19 செ.மீ.; தண்ணீர் மட்டும் ஊற்றியவை 11, 12, 13, 15 செ.மீ. முதல் வகையின் சராசரி 16.5, இரண்டாவதன் சராசரி 12.75, வேறுபாடு 3.75 செ.மீ. பார்த்த மாத்திரத்தில் "பஞ்சகவ்யம் வேலை செய்கிறது" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் தண்ணீர் ஊற்றிய நான்கிலேயே 11-உம் இருக்கிறது, 15-உம் இருக்கிறது. ஒரே கொத்து விதையில் ஒரே கவனிப்பில் இவ்வளவு ஏற்ற இறக்கம் வருமென்றால், இந்த 3.75-உம் அப்படி வந்ததாக ஏன் இருக்கக் கூடாது?

தேநீர்க் கோப்பைகளை எண்ணியது இங்கே அப்படியே உதவும். பஞ்சகவ்யம் எதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால், 19 செ.மீ. வளர்ந்த செடி எதை ஊற்றியிருந்தாலும் 19 செ.மீ.தான் வளர்ந்திருக்கும். அது பஞ்சகவ்ய வரிசையில் சேர்ந்தது சீட்டுக் குலுக்கலால் மட்டுமே. எட்டுத் தொட்டிகளில் நான்கைக் குலுக்கி எடுக்க மறுபடியும் அதே 70 வழிகள். இந்த எழுபதில் எத்தனை வழிகள், நமக்குக் கிடைத்ததுபோலவோ அதைவிட அதிகமாகவோ வேறுபாட்டைத் தந்திருக்கும்?

பஞ்சகவ்யம் பெற்ற நான்கின் கூட்டுத்தொகை 66. எட்டு எண்களிலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய கூட்டுத்தொகை 19 + 17 + 16 + 15 = 67. அதற்கு அடுத்தது 19 + 17 + 16 + 14 = 66, அதாவது நம் மாணவிக்குக் கிடைத்த அதே நான்கு. வேறு எந்த நான்கைக் கூட்டினாலும் 65-ஐத் தாண்டாது. ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே எழுபதில் இரண்டு வழிகள்தாம் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகின்றன. 2/70 என்பது 0.029.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "பஞ்சகவ்யம் வளர்ச்சியைக் கூட்டும்" என்ற ஒரு திசையை மட்டும் பார்த்ததால் இந்த 0.029 கிடைத்தது, இது ஒருபக்கச் சோதனை. ஆனால் பஞ்சகவ்யத்தைச் சரியாக நீர்க்காமல் தெளித்தால் இளஞ்செடி கருகவும் கூடும், ஆகவே "வளர்ச்சியை மாற்றுகிறதா, கூட்டியோ குறைத்தோ?" என்று கேட்பதே நேர்மையான கேள்வி என்று ஒருவர் வாதிடலாம். அது இருபக்கச் சோதனை. அப்படிக் கேட்டால், எதிர்த்திசையில் இதே அளவுக்கு ஓரத்தில் நிற்கும் இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4/70, அதாவது 0.057.

எட்டுத் தொட்டிகளும் அதே எட்டு, அளவுகளும் அதே அளவுகள். ஒரு கேள்விக்கு 0.05-க்குக் கீழே, மறு கேள்விக்கு 0.05-க்கு மேலே. மாணவி எண்களைப் பார்த்த பிறகு, "ஒருபக்கச் சோதனையே பொருத்தமானது" என்று முடிவெடுத்தால், அது பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு எல்லைக்கோடு போடுவதற்குச் சமம். எந்தப் பக்கம் என்பதை விதை ஊன்றுவதற்கு முன்பே நோட்டில் எழுதி, தேதி போட்டுவிட வேண்டும். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். மென்பொருளைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு.

மென்பொருள் செய்வது என்ன

எட்டுத் தொட்டிகள் என்பதால் விரல்விட்டு எண்ணினோம். இருபதுக்கு இருபது என்று நாற்பது தொட்டிகள் இருந்தால் வழிகளின் எண்ணிக்கை 13,000 கோடியைத் தாண்டும். கணினி இல்லாத காலத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி வேண்டியிருந்தது. டப்ளினில் உள்ள கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சிறு மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, 1908-இல் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். டி-சோதனை என்று நாம் அழைப்பது அதிலிருந்து வளர்ந்தது. சராசரிகளின் வேறுபாட்டை, தற்செயலாக ஏற்படக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவால் வகுத்து, அந்த ஈவு எவ்வளவு ஓரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே அதன் சாரம்.

நம் எட்டு எண்களையும் எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற மென்பொருளில் இட்டு வழக்கமான டி-சோதனையை இயக்கினால், ஈவு 2.79 என்றும், இருபக்கப் பி-மதிப்பு 0.032 என்றும் வரும். நாம் எண்ணிக் கண்ட 0.057 எங்கே, இந்த 0.032 எங்கே? மென்பொருள் தவறிழைக்கவில்லை. உயரங்கள் மணி வடிவத்தில், நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பரவியிருக்கும் என்ற ஒரு கூடுதல் அனுமானத்தை அது வைத்துக்கொள்கிறது. நாம் குலுக்கலை மட்டும் நம்பினோம். தொட்டிகள் அதிகமானால் இரண்டு விடைகளும் நெருங்கிவிடும். நான்கு நான்காக இருக்கும்போது அனுமானத்தின் கை ஓங்கியிருக்கிறது. ஆக 0.029, 0.057, 0.032 என்று ஒரே செடிகளுக்கு மூன்று விடைகள் கிடைத்துவிட்டன, மூன்றும் சரியாகக் கணக்கிடப்பட்டவை. பி-மதிப்பு என்பது செடியின் உயரத்தைப்போலச் செடியிடமே இருக்கும் ஒரு பண்பு அன்று. நாம் கேட்ட கேள்விக்கும் வைத்துக்கொண்ட அனுமானத்துக்கும் கிடைத்த விடை.

அந்த 0.05 எங்கிருந்து வந்தது

ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலில், இருபதில் ஒன்று என்பதை எல்லையாக வைத்துக்கொள்வது வசதியானது என்று குறிப்பிட்டார். வசதி என்பதே அவர் தந்த காரணம். தேநீர்ச் சோதனையைக்கூட ஆறு கோப்பைகளுடன் செய்தால் மொத்தம் 20 வழிகள்தாம், எல்லாம் சரியாகச் சொன்னாலும் பி-மதிப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே போக முடியாது என்பதை அவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். எல்லாச் சூழலிலும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே எல்லையை வைத்துக்கொண்டு கருதுகோள்களை நிராகரிக்கும் அறிவியலாளர் எவரும் இல்லை என்று 1956-இல் அவரே எழுதினார். இயற்பியலில் வழக்கம் வேறு: 2012-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது கைக்கொள்ளப்பட்ட எல்லை, ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. 0.049 வந்தால் கேக் வெட்டுவதும் 0.051 வந்தால் தலையில் கைவைப்பதும் நம் துறைகளின் பழக்கம். எண்களுக்கு அதில் பங்கில்லை.

97 சதவீதம் என்ற பிழை

தொடக்கத்தில் பார்த்த பதிலுக்குத் திரும்புவோம். 0.03 என்றால், ஒன்றும் நடக்காத உலகத்தில் இப்படிப்பட்ட முடிவு கிடைக்க நூற்றில் மூன்று வாய்ப்பு. நாம் இருப்பது ஒன்றும் நடக்காத உலகமா என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றினால், இந்தக் கணக்கைப் பாருங்கள்.

100 மாணவர்கள் 100 விதமான கரைசல்களைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 10 மட்டும் உண்மையிலேயே பயன் தருபவை, 90 வெறும் தண்ணீர்தான். எல்லாரும் 0.05 என்ற எல்லையை வைத்துக்கொள்கிறார்கள். பயனற்ற 90-இல் நூற்றுக்கு ஐந்து வீதம் நான்கைந்து பேருக்குத் தற்செயலாகவே எல்லைக்குக் கீழே விடை வரும். பயனுள்ள பத்திலும், தொட்டிகள் குறைவாக இருப்பதால், பாதியைத்தான் சோதனை கண்டுபிடிக்கிறது என்று கொள்வோம், அது ஐந்து. "0.05-க்குக் கீழே" என்று மகிழ்ந்திருக்கும் ஒன்பது பத்துப் பேரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் முடிவு தவறு. 95 சதவீதம் சரி என்பது எங்கே போயிற்று? சோதனைக்கு வந்த கருதுகோள்களில் எத்தனை முதலிலேயே நம்பத்தக்கவை என்பதைப் பொறுத்து இது மாறும்; பி-மதிப்புக்கு அது தெரியாது. பி-மதிப்பு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதில் ஓர் ஆறுதல்.

இரண்டு வகைத் தவறுகள்

பயனற்ற கரைசலைப் பயனுள்ளது என்று சொல்லிவிடுவது முதல் வகைப் பிழை. பயனுள்ளதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவது இரண்டாம் வகைப் பிழை. 1933-இல் யெர்சி நெய்மனும் ஈகன் பியர்சனும் கருதுகோள் சோதனையை முறைப்படுத்தியபோது இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளாக வைத்தார்கள். ஃபிஷருக்கு அவர்களுடைய முறை கடைசிவரை பிடிக்கவில்லை. இன்றைய பாடநூல்கள் இரு தரப்பையும் ஒரே அண்டாவில் கலந்து பரிமாறுகின்றன, மாணவரின் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் வகைப் பிழை எவ்வளவு சத்தமில்லாமல் நிகழ்கிறது என்பதை நம் தொட்டிகளிலேயே காணலாம். மாணவி மூன்றுக்கு மூன்று என்று ஆறு தொட்டிகள் மட்டும் வைத்திருந்தால், மொத்த வழிகள் 20. பஞ்சகவ்யம் பெற்ற மூன்றும் மற்ற மூன்றைவிட இருமடங்கு உயர்ந்து நின்றாலும், அதைவிட ஓரத்தில் எதுவும் இல்லை என்பதால், ஒருபக்கமாகப் பார்த்தால் 1/20. இருபக்கமாகப் பார்த்தால் 2/20, அதாவது 0.10. குலுக்கலை எண்ணும் இந்த முறையில், இருபக்கச் சோதனையில், பஞ்சகவ்யம் அமுதமாகவே இருந்தாலும் அந்தச் சோதனையால் 0.05-ஐத் தொட முடியாது. உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் சோதனையின் ஆற்றலைத் திறன் என்பார்கள். இந்தச் சோதனையின் திறன் சுழியம். விதை ஊன்றும் முன்பே இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

இதனால்தான், பி-மதிப்பு 0.05-க்கு மேலே வந்தால் "இன்மைக் கருதுகோள் நிரூபிக்கப்பட்டது" என்றோ "பஞ்சகவ்யத்தால் பயனில்லை" என்றோ எழுதக் கூடாது. நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றுதான் எழுதலாம். டார்ச் வெளிச்சம் மங்கலாக இருந்ததால் பூனை தெரியவில்லை என்பதற்கும், அறையில் பூனையே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இன்மைக் கருதுகோள் ஒருபோதும் நிரூபிக்கப்படுவதில்லை என்று ஃபிஷரும் 1935-ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தியிருக்கிறார்.

சுருக்கமாக: பி-மதிப்பு சிறியது என்பதால் விளைவு உண்மை என்று உறுதியாகிவிடுவதில்லை, பெரியது என்பதால் விளைவு இல்லை என்றும் ஆகிவிடுவதில்லை.

சிக்னிஃபிகண்ட் என்றால் முக்கியமானதா?

0.05-க்குக் கீழே வந்த முடிவைச் சிக்னிஃபிகண்ட் என்கிறார்கள்; தமிழில் எழுதுவோர் இதை "முக்கியத்துவம் வாய்ந்தது" என்று பெயர்த்துவிடுகிறார்கள். இந்தப் பெயர்ப்பு செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமன்று. தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாதது என்பதே இங்கு அதன் பொருள். பத்தாயிரம் மாணவர்களிடம் சோதித்தால், இரண்டு பயிற்று முறைகளுக்கிடையே நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வேறுபாடுகூட எளிதாக எல்லைக்குக் கீழே வந்துவிடும். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகப் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்ல எவரும் துணியமாட்டார்கள்.

எனவே விளைவின் அளவைத் தனியாகச் சொல்ல வேண்டும்: 3.75 செ.மீ. அதனுடன், அந்த அளவு எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும் நம்பக இடைவெளியையும் தர வேண்டும். நம் மாதிரி எவ்வளவு ஊசலாடக்கூடியது என்பதைக் கணக்கில் கொண்டு, உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று தரும் வீச்சு அது. நம் தொட்டிகளுக்கு டி-முறையில் 95 சதவீத நம்பக இடைவெளி, ஏறத்தாழ 0.5 செ.மீ. முதல் 7 செ.மீ. வரை. அரை சென்டிமீட்டர் என்றால் தெளிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது. ஏழு என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். எட்டுத் தொட்டிகள் இவ்வளவு அகலமான விடையைத்தான் தர முடியும் என்பதை 0.032 என்ற ஒற்றை எண் மறைத்துவிடுகிறது.

இறந்த மீனின் மூளை

மறுபடியும் தாயத்துக்கு வருவோம். மூன்று முறை தொடர்ந்து தாயம் விழுவது 512-இல் ஒன்று என்றோம். ஆனால் பொங்கல் விடுமுறையில் எத்தனை வீடுகளில், எத்தனை திண்ணைகளில் கட்டைகள் உருள்கின்றன? எங்கேயாவது ஒருவருக்கு மூன்று தாயம் விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

20 கேள்விகள் கொண்ட வினாத்தாளைத் தயாரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஆண், பெண் பதில்களை ஒப்பிட்டு, 20 சோதனைகளை நடத்தும் மாணவர் அத்தனை திண்ணைகளையும் ஒருவராகச் சுற்றி வருகிறார். எந்த வேறுபாடும் உண்மையில் இல்லாவிட்டாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 சதவீதம். அப்படி வந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கி, மீதி 19-ஐப் பின்னிணைப்பில்கூடப் போடாமல் விடுவதுதான் பெரும் சிக்கல். 2009-இல் கிரெய்க் பென்னட்டும் அவருடைய சகாக்களும் இறந்துபோன ஒரு சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, மூளையின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தார்கள். சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற திருத்தத்தைச் செய்யாதபோது, செத்த மீனின் மூளையில் சில புள்ளிகள் "செயல்படுவதாக" முடிவு வந்தது. திருத்திய பிறகு அவை மறைந்தன. வேடிக்கையான, ஆனால் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2012-இல் அவர்களுக்குக் கிடைத்தது. எளிய திருத்தம் ஒன்று உண்டு: 0.05-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்து, 20 சோதனைகள் என்றால் 0.0025-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது. கடுமையான திருத்தம்தான், ஆனால் எத்தனை சோதனைகள் செய்தோம் என்பதையே சொல்லாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆய்வேட்டில் எழுதும் வரி

நான்காம் இயலின் அந்த வரியை நம் மாணவி இப்படி எழுதலாம்: "பஞ்சகவ்யம் தெளித்த நான்கு செடிகளின் சராசரி உயரம், தண்ணீர் மட்டும் பெற்ற நான்கைவிட 3.75 செ.மீ. அதிகமாக இருந்தது, 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.5 முதல் 7 செ.மீ. வரை. தொட்டிகள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டன. விதைப்பதற்கு முன் முடிவு செய்தபடி இருபக்க டி-சோதனை பயன்படுத்தப்பட்டது, பி-மதிப்பு 0.032. உயரங்களின் பரவலைப் பற்றி எந்த அனுமானமும் செய்யாமல் குலுக்கல் வழிகளை எண்ணிப் பார்த்தபோது 0.057 கிடைத்தது. தொட்டிகள் எட்டு மட்டுமே என்பதால், வேறுபாடு இருப்பதற்கான இந்த அறிகுறியை அதிகத் தொட்டிகளில் மீண்டும் சோதிக்க வேண்டும். உயரத்தைத் தவிர வேறு எதையும் ஒப்பிடவில்லை."

பழைய வரியைப் போலப் பல மடங்கு நீளம். "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல் இல்லாததைப் பார்த்துக் கைடு முகம் சுளிக்கக்கூடும். ஆனால் வாய்மொழித் தேர்வில் "ஒருபக்கமா, இருபக்கமா, எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால், நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அங்கே போட்டிருக்கும் தேதியைக் காட்டலாம்.